இரவலாக வந்த இரண்டு அரைவை இயந்திரங்கள்

தியாகலிங்கம் எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவர் அல்லர். மனுகாவில் ஒரு பெரிய களஞ்சியத்தின் வாசலில், வந்து சேரும் கொள்கலன்களை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. முத்திரை எண் தாளில் உள்ளதோடு பொருந்தினாலும், முத்திரையைக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் கதவைத் திறக்க விடமாட்டார். அந்தப் பழக்கம் வேலைத்தலத்தோடு நின்றுவிடவில்லை. “இந்த மனிசன் கலியாண வீட்டுப் பந்தியிலயும் வடையைத் திருப்பிப் பாத்துத்தான் வாயில வைக்கும்” என்று அவருடைய மனைவி ரதிதேவி சொல்வதுண்டு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு நல்லசாமி என்றொரு நண்பர் வாய்த்தது தற்செயல். ஃபிஜியில் பிறந்து ஒடாஹுஹுவில் குடியிருக்கும் நல்லசாமி வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். கொள்ளுப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன தமிழில் அவரிடம் எஞ்சியிருப்பது கொஞ்சம். மீதியை ஹிந்தியாலும் சிரிப்பாலும் நிரப்பிக்கொள்வார்; அண்ணன், தம்பி யாரானாலும் அவருக்கு ‘பாய்’தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் மவுண்ட் ஆல்பர்ட்டிலுள்ள தியாகலிங்கத்தின் பழைய மரவீட்டுக்கு வர்ணம் பூச அவர் வந்தார். மூன்று பூச்சு என்று விலை பேசிவிட்டு இரண்டோடு ஏமாற்றிவிடுவாரோ என்று தியாகலிங்கம் நாள்தோறும் ஏணியடியில் நின்றார். நல்லசாமி கோபிக்கவில்லை. ஒவ்வொரு பூச்சிலும் சாயத்தை மாற்றிக் கலந்தார். “இப்ப நீயே பாரு பாய். கீழ சாம்பல், அதுக்கு மேல மஞ்சள், கடைசி வெள்ளை. திருட முடியாது.” அன்றைக்குத் தியாகலிங்கம் முதன்முறையாக ஒரு தொழிலாளிக்குக் கதிரை எடுத்துப் போட்டார் என்பது அந்த வீட்டில் இன்றும் பேசப்படும் செய்தி.

அந்தக் கதிரையிலிருந்துதான் பியர் தொடங்கியது. சனிக்கிழமைகளில் இருவருமாக, வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கராஜில் பார்லியை ஊறவைத்து, சாற்றை வடித்து, காய்ச்சி, நொதிக்க விடுவார்கள். ரதிதேவி அந்த இடத்துக்குக் கள்ளுக்கொட்டில் என்று பெயர் வைத்திருந்தார். கோயிலுக்குப் போகிற நாட்களில் அதன் காற்றுப் படக்கூடாது என்று முன்வாசலால் சுற்றிப் போவார். கிழமை நடுவில் மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் வேலை வந்தால், நல்லசாமி தன்னிடமுள்ள திறப்பால் கராஜைத் திறந்து, நொதிக்கிற பாத்திரத்தின் சூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். தியாகலிங்கம் தன் வீட்டுத் திறப்பை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தது அந்த ஒருமுறைதான்.

சிக்கல் பார்லியில் வந்தது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை அவர்கள் கடையில் உடைத்தே வாங்கி வந்தார்கள். அதை எப்போது உடைத்தார்கள், எத்தனை நாள் சாக்கில் கிடந்தது, அடிச்சாக்கின் தூசியையும் சேர்த்துக் கட்டினார்களா என்றெல்லாம் தியாகலிங்கத்துக்கு ஐயம் எழுந்தது. முழுத்தானியமாக வாங்கி, தேவையான அன்று தாமே உடைப்பதென்று முடிவாயிற்று. அதற்கு ஓர் இயந்திரம் வேண்டும்.

எந்த இயந்திரம் என்பதில் இருவரும் பிரிந்தார்கள். இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசித் தானியத்தைத் தேய்க்கும் கைச்சுற்று இயந்திரம் நல்லசாமிக்குப் பிடித்தது. “பழுதாக ஒண்ணுமே இல்ல பாய். இரும்பு, கைப்பிடி, முடிஞ்சுது.” தியாகலிங்கமோ வரிகள் வெட்டிய இரண்டு உருக்கு உருளைகளுக்கிடையே பார்லியை விழுத்தி நசுக்கும் இயந்திரத்தை விரும்பினார். தட்டு, உமியைக் கிழித்துத் தூளாக்கும். தூளான உமி சாற்றைக் கலக்கிக் கைப்பேற்றும். உருளையோ உமியை முழுதாக விட்டு உள்ளிருக்கும் மாவை மட்டும் திறக்கும். ஆனால் உருளைகளின் இடைவெளி சரியாக இருக்கவேண்டும். வங்கி அட்டை ஒன்று இறுக்கமாக நுழையுமளவு இருந்தால் நலம்; அதைவிட அகன்றால் பார்லி உடையாமலே கீழே போய்விடும். இணையத்தில் வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை வாசித்துத் தெளியலாம் என்று பார்த்தார். புகழ்ந்தவை எல்லாம் விற்பவனே வேறு வேறு பெயரில் எழுதியவை போலவும், இகழ்ந்தவை போட்டிக்காரன் எழுதியவை போலவும் தோன்றின.

கடைசியில், வீட்டில் பியர் காய்ச்சுவோரின் கழகமொன்று இரண்டு வகையையும், மார்கழியில் தொடங்கும் அந்த ஊர்க் கோடை முடியும்வரை இரவல் கொடுத்தது. இரண்டையும் கராஜ் மேசையில் அருகருகே பூட்டி, மாறி மாறிப் பாவித்து, வென்றதை வாங்குவது என்று பேசிக்கொண்டார்கள்.

முதற் சனிக்கிழமை உருளை இயந்திரம் வென்றது. சாறு தெளிவாக இறங்கியது. அதில் மிதக்கவிட்ட கண்ணாடி அளவுகோல் நன்றாகவே உயர்ந்து நின்றது. அது எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு இனிப்பு சாற்றில் இறங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்த சனிக்கிழமை தட்டு இயந்திரத்தின் முறை. சாறு சேற்றுத் தண்ணீர் போல வந்தது. “நிறம் நல்லாத்தானே இருக்கு” என்றார் நல்லசாமி. தியாகலிங்கம் புன்னகைத்தார்.

மூன்றாம் முறை உருளை கைவிட்டது. அதே பார்லி, அதே தண்ணீர், அதே சூடு. அளவுகோல் தாழ்ந்து போய் நின்றது. சக்கையை அள்ளிப் பார்த்தபோது பாதித் தானியம் முழுசாகக் கிடந்தது.

“ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி” என்று நல்லசாமி சக்கையைப் பாராமலே வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் பாராமல் போனதைத் தியாகலிங்கம் பார்த்தார். வங்கி அட்டையை எடுத்து உருளைகளுக்கிடையே விட்டார். அது தடையின்றி மறுபக்கம் விழுந்தது.

இடைவெளி தானாக அகலாது. அதை மாற்றும் குமிழை யாரோ திருப்பியிருக்கவேண்டும். கராஜின் திறப்புகள் எத்தனை என்று அவர் மனத்தில் எண்ணினார்: தம்மிடம் ஒன்று, நல்லசாமியிடம் ஒன்று. குசினிச் சுவரில் தொங்கும் மூன்றாவதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கள்ளுக்கொட்டிலின் படியை ரதிதேவி மிதிப்பதாவது! மகள் கம்சாயினிக்கோ பல்கலைக்கழகமும் கைபேசியும் தவிர வேறு உலகமில்லை. ஆக மிஞ்சியவர் ஒருவர். காரணமும் கையோடு இருந்தது. தட்டு இயந்திரம் தோற்றுக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்தவர் நல்லசாமி.

அந்த முடிவுக்கு வந்தபின் பழைய சங்கதிகள் எல்லாம் புது முகத்தோடு வந்து நின்றன. ஒருதரம் கராஜுக்குள் ரேடியோ நிலையம் மாறிக்கிடந்தது ஏன்? போன மாதம் இரண்டு போத்தல் குறைந்ததாகத் தோன்றியது கண்மயக்கந்தானா? பூச்சுக்குப் பூச்சு சாயத்தை மாற்றிய அந்தக் கெட்டித்தனம்கூட இப்போது வேறு மாதிரி மணத்தது. ஏமாற்ற முடியாது என்று காட்டத் தெரிந்தவனுக்கு ஏமாற்றவும் தெரியும் அல்லவா?

அவர் அட்டையை வைத்து இடைவெளியைச் சரிசெய்தார். பிறகு கம்சாயினியின் அறைக்கதவைத் தட்டினார்.

“பிள்ளை, உம்மட நகப்பூச்சு ஒண்டு தாரும். சிவப்பு.”

“வாட் ஃபோர்?”

“ஒரு அடையாளம் போட.”

மகள் கைபேசியிலிருந்து கண்ணெடுத்தாள். அவர் காரணத்தைச் சொன்னதும், “அப்பா, தட்ஸ் நல்லசாமி அங்கிள். ஜஸ்ட் ஆஸ்க் ஹிம்” என்றாள்.

“கேட்டா ஓம் எண்டு சொல்லுவாரோ?” என்று சொல்லிவிட்டுப் பூச்சை வாங்கிக்கொண்டு போனார். குமிழின் மேலும் அது பொருந்தியிருந்த உடலின் மேலுமாக, ஒரே நேராய், மெல்லிய சிவப்புக் கோடொன்று இழுத்தார். கொள்கலன் முத்திரைக்கு அவர் செய்வதும் இதுதான். குமிழ் எள்ளளவு அசைந்தாலும் கோடு இரண்டாகும்.

அந்தக் கிழமை அவருக்கு வேலையில் மனம் செல்லவில்லை. மார்கழி மாதம் வேறு. கோயிலில் திருவெம்பாவை நடந்துகொண்டிருந்தது. ரதிதேவி விடியமுன் எழும்புவதும், குசினியில் எதையோ வறுப்பதும், சட்டியும் ஓலைக் குட்டானுமாகக் கோயிலுக்கு ஓடுவதும் அவர் கண்ணில் பட்டும் மனத்தில் பதியவில்லை. நல்லசாமி வருவாரா, வந்தால் கை வைப்பாரா என்பதொன்றே நினைவு. வைக்கக்கூடாது என்றும் விரும்பினார். வைத்தால் தம் கணிப்புச் சரியாகும் என்றும் விரும்பினார். இரண்டில் எது கூடுதலென்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலையில் நல்லசாமி வருமுன் கராஜைத் திறந்தார். கோடு இரண்டாகப் பிரிந்து, அரைவிரல் தூரத்தில் எதிரெதிரே நின்றது.

நல்லசாமி வழக்கம்போல் ராஜ்குமாரி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். ராஜ்குமாரி அவருடைய மனைவி. சனிக்கிழமை ரொட்டி அவர் கைப்பக்குவம்.

“என்ன பாய், மூஞ்சி ஒரு மாதிரி? தங்கச்சி ஏசிச்சா?”

“இஞ்ச வந்து இதைப் பாரும்.”

நல்லசாமி குனிந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அது அவருடைய சிரிப்பாக இல்லை.

“சிவப்புக் கோடு. புதன்கிழமையே பாத்தேன்.”

“பாத்தனீரோ?”

“கண்ணு இருக்கே. நான் பெயின்டர். ஒரு வீட்டுல புதுசா சின்னக் கீறல் இருந்தாலும் தெரியும்.”

“அப்ப குமிழைத் திருப்பினது ஆர்?”

நல்லசாமி ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். “கை நான்தான் வச்சேன்.”

இவ்வளவு இலகுவாக ஒப்புக்கொள்வார் என்று தியாகலிங்கம் எதிர்பார்க்கவில்லை. தயாராக வைத்திருந்த கேள்விகள் எல்லாம் பயனற்றுப் போயின. “கோட்டைப் பாத்தனீர் எண்டா அதை நேராவெண்டாலும் வைச்சிருக்கலாமே?”

“வச்சிருக்கலாம். வச்சா அது திருட்டு வேலை.”

“இது என்ன வேலை?”

“அது சொல்ல முடியாது பாய்.”

“ஏன் சொல்லேலாது? உம்மட தட்டு மெஷின் வெல்லவேணும் எண்டுதானே?”

“அரே! அந்த மெஷினுக்கா? அது என்ன என் பொண்ணா, கலியாணம் கட்டி வைக்க?”

“பகிடி விடாதேயும். ஆறு வருசமா இந்தத் திறப்பு உம்மட கையில. நான் ஒரு நாள் கேட்டனானோ? இப்ப கேக்கிறன். ஏன் தொட்டனீர்?”

நல்லசாமி வாயைத் திறந்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மூடிக்கொண்டார்.

“சரி” என்றார் தியாகலிங்கம். “திறப்பை வைச்சிட்டுப் போம்.”

திறப்புக் கோவையிலிருந்து அந்த ஒன்றைக் கழற்றுவதற்கு நல்லசாமிக்குச் சற்று நேரம் பிடித்தது; பெயின்ட் காய்ந்த நகம் வளையத்தில் வழுக்கியது. தியாகலிங்கம் உதவவில்லை. “புதன்கிழமை பாத்துட்டும் ஏன் வந்தேன்னு கேட்டியா நீ? கேக்கல” என்றார் நல்லசாமி. “சனிக்கிழமைன்னு வந்தேன்.” திறப்பை ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பியர் காய்ச்சவில்லை. தம் கணிப்புச் சரியாகிவிட்டது என்ற நிறைவு ஒரு மணித்தியாலம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. இரவல் இயந்திரங்களைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உருளைகளைக் கழற்றினார். வரிகளுக்குள் அடைந்திருந்ததைத் தூரிகையால் தட்டியபோது மேசையில் பச்சை நிறத்தில் ஏதோ உதிர்ந்தது. பார்லி உமி பச்சையாக இருக்காது. விரலில் எடுத்து முகர்ந்தார். வறுத்த பயறு.

அவர் குசினிக்குள் நுழைந்தபோது ரதிதேவி சுளகில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். சுளகின் நுனியிலிருந்து பச்சைத் தோல் பறந்து தொட்டிக்குள் விழுந்தது. சுளகில் நின்றதெல்லாம் இரண்டாகப் பிளந்த பொன்னிறப் பயறு. ஒரு மணிகூட நொருங்கவில்லை.

“உந்தப் பயறை எங்க உடைச்சனீர்?”

ரதிதேவி சுளகை நிறுத்தவில்லை. “ஏன், கண்டுபிடிச்சிட்டியளோ? நல்லசாமி அண்ணை சொன்னவரோ?”

“அவர் சொல்லேல்லை.”

“அதுதானே பாத்தன். சொல்லமாட்டன் எண்டு எனக்குச் சத்தியம் பண்ணினவர்.”

தியாகலிங்கம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கதை கேட்டுக் கேட்டுத்தான் வெளிவந்தது. திருவெம்பாவைக்குப் பத்து நாளும் பயற்றம் பொங்கல் செய்யும் பொறுப்பை இந்த முறை ரதிதேவி கேட்டு வாங்கியிருந்தார். மிக்சியில் போட்டால் வறுத்த பயறு தூளாகிறது.

“கடையில தோல் நீக்கின பருப்பு விக்குதுதானே?”

“விக்குது. பொங்கினா பசை. வறுத்து உடைச்ச பயற்றின்ர வாசம் அதுக்கு வருமோ? போன வருசம் கடைப் பருப்பில பொங்கினவையைப் பற்றி இப்பவும் கதைக்கினம்.”

கணவர் பார்லி உடைப்பதை அவர் யன்னலால் பார்த்திருந்தார். ஆளில்லாத பகலில் குசினிச் சுவரில் தொங்கிய திறப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பயற்றைப் போட்டுப் பார்த்தார். பார்லிக்கு வைத்த இடைவெளியில் பயறு மாவாயிற்று. குமிழைத் திருப்பி அகலமாக்கினார். பிளந்து பிளந்து விழுந்தது. அந்த நேரத்தில்தான் சூடு பார்க்க வந்த நல்லசாமி வாசலில் நின்றார்.

“கள்ளுக்கொட்டில் மெஷினில உடைச்ச பயறு சுவாமிக்குப் போகுது எண்டு ஒருத்திக்குத் தெரிஞ்சாலும் நான் பிறகு அந்த மடப்பள்ளிக்குள்ள கால் வைக்கேலுமோ? கையெடுத்துக் கும்பிட்டன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அண்ணை, இவருக்கும் வேண்டாம், இவர் கழகத்துக்காரருக்குப் பகிடியாச் சொல்லிப்போடுவார் எண்டு. ‘நீ உடை தங்கச்சி, நான் திரும்ப டைட் பண்ணுறேன்’ எண்டவர். ஒவ்வொரு முறையும் அவர்தான் இறுக்கிவிட்டவர்.”

“கண் அளவில, அட்டை வைக்காம” என்றார் தியாகலிங்கம். அவருக்கே அது கேட்கவில்லை.

“என்ன?”

“ஒண்டுமில்லை. என்னட்டக் கேட்டிருக்கலாமே, ரதி.”

“நீங்கள் கேட்டனீங்களோ? நானும் பத்து நாளா வறுக்கிறன். உந்த மூக்கு எங்க போனது?” சுளகைக் கீழே வைத்தார். “இப்ப ஏன் முகம் செத்துப் போச்சு? அண்ணையை என்ன சொன்னனீங்கள்?”

சொன்னார். ரதிதேவி நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை, ஏசவுமில்லை. “என்னாலதானே” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் ஒடாஹுஹுவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகையில், சொல்லவேண்டியதை அவர் வழிநெடுக வாய்க்குள் அடுக்கிப் பார்த்தார். இளமையில், ஊரில் போர் நடந்தபோது, படையினரின் காவலரண்களில் சோதனைக்கு வரிசையில் நின்றவர் அவர். பையைக் கொட்டிக் காட்டு, கையை விரித்துக் காட்டு என்று கேட்டவனின் முகம் அவருக்கு மறந்துவிட்டது. விரித்துக் காட்டிய தம் கை மறக்கவில்லை. இதைச் சொல்லலாமா என்று யோசித்து, மன்னிப்புக் கேட்கப் போகிறவன் தன் கதையை முன்னால் வைக்கக்கூடாது என்று விட்டுவிட்டார்.

ராஜ்குமாரி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். ஆனால் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. நல்லசாமி பின்முற்றத்தில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பிழை விட்டிட்டன், நல்லசாமி” என்றார் தியாகலிங்கம் நின்றபடியே. “ரதி எல்லாம் சொன்னவ.”

“சொல்லிட்டுதா? நல்லதாப் போச்சு. வயித்துல கல்லு மாதிரி இருந்துச்சு.” ஒரு தூரிகையை உதறினார். “பொங்கல் எப்படி?”

“கோயிலில எல்லாரும் புகழுகினமாம்.”

“பின்ன? நான் டைட் பண்ணின மெஷின்.”

தியாகலிங்கம் சிரிக்க முயன்றார். “என்னில கோவமோ?”

“கோவம் இல்ல பாய். நானும் மறைச்சேன், நீயும் மறைஞ்சு நின்னு பாத்தே.” அடுத்த தூரிகையை எடுத்தார். “வீடு பெயின்ட் பண்ணும்போது என்னை உனக்குத் தெரியாது. நீ ஏணி கீழ நின்னே, சரி. இப்போ ஆறு வருஷம். இப்பவும் ஏணி கீழதான் நிக்கிறே.”

தியாகலிங்கம் கொண்டுவந்த திறப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நல்லசாமி ஈரக் கையைக் காட்டினார். “அது உங்கிட்டயே இருக்கட்டும். சனிக்கிழமை வர்றேன்.”

எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற கேள்வியை ரதிதேவி தீர்த்துவைத்தார். உருளை இயந்திரத்தில் உடைத்த பயறு சுவாமிக்குப் போய்விட்டது. இனி அதே வகையில் பியருக்கு உடைப்பது அடுக்காது என்றார். பியர் இயந்திரத்தில் சுவாமிக்கு உடைத்தது மட்டும் எப்படி அடுக்கும் என்று தியாகலிங்கம் கேட்டார். “அது தெரியாமச் செய்தது. இது தெரிஞ்சு செய்யிறது” என்று பதில் வந்தது. புது உருளை இயந்திரம் ஒன்று வாங்கிக் குசினியில் பூட்டப்பட்டது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் அதற்குச் சந்தனமும் பொட்டும் வைத்தார்கள். கராஜுக்குத் தட்டு இயந்திரம் வந்தது. சாறு சேறாகவே இறங்குகிறது; பியரில் உமியின் கைப்பு நாக்கில் நிற்கிறது. தியாகலிங்கம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தட்டுகளின் இடைவெளியை நல்லசாமியே கண் அளவில் வைக்கிறார். அந்த நேரத்தில் தியாகலிங்கம் தண்ணீரைச் சூடாக்கும் சாட்டில் மறுபக்கம் திரும்பி நிற்பார்.

நல்லசாமி சனிக்கிழமை தவறுவதில்லை. ரொட்டிப் பொட்டலமும் தவறுவதில்லை. பகிடியும் முன்போலத்தான். ஆனால் திறப்பை அவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. கதவு விரியத் திறந்து கிடந்தாலும் வெளியே நின்று இரண்டு முறை தட்டுகிறார், “வரலாமா பாய்?” என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் தியாகலிங்கம், செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, “உள்ள வாரும், வாரும்” என்கிறார். அந்தத் தட்டல் பகிடியா, அல்லது நண்பர் மனத்தில் இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று தியாகலிங்கத்தால் தீர்மானிக்க முடியவில்லை. கேட்டுவிடலாம். கேட்க நினைத்த சனிக்கிழமைகளில் எல்லாம் நல்லசாமியின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே பார்லியை அளந்து கொட்டுகிறார்.